மீனை ஏமாற்றப் போன மேதைகள்

பூவம் தெரியுமா உங்களுக்கு? தரங்கம்பாடியில் காரைக்கால் பஸ் பிடித்து, பொறையாறு தாண்டி, நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஆற்றுத் தண்ணீர் இரண்டு கரைக்கும் ஒன்றுதான். மற்ற தண்ணீரின் விலைதான் கரைக்குக் கரை மாறும்.

அந்த மற்ற தண்ணீரைத் தேடி வருகிறவர்கள் ஊருக்கு விட்டுவிட்டுப் போவது பாட்டில் மூடி. பல் வைத்த வட்டத் தகரம். பால்டிமோர்க்காரர் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை வாங்கிய சரக்கு. அன்றைக்கு அதற்கு 24 பல். இன்றைக்கு 21. நூற்றுச் சொச்சம் வருஷத்தில் மூன்றே மூன்று பல்தான் விழுந்திருக்கிறது என்றால், அது நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் செய்யாத சாதனை.

இந்த மூடியைக் கீழே போடாதீர்கள். இரண்டாக மடியுங்கள். உள்ளே சைக்கிள் கடையில் வாங்கிய பேரிங் குண்டு இரண்டு போடுங்கள். இரண்டு நுனியிலும் ஓட்டை போட்டு, ஒரு பக்கம் தங்கூசி, இன்னொரு பக்கம் மும்முனைத் தூண்டில். அவ்வளவுதான், லூர் ரெடி. தண்ணீரில் இழுத்தால் மினுக்கும், கலகலக்கும், அடிபட்ட குஞ்சு மீன் மாதிரி தள்ளாடும். மூடி வந்த இடம் அப்படி, தள்ளாட்டத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லூர் என்றால் பொய் இரை. அதில் புழு கிடையாது, இறால் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. பளபளப்பு உண்டு, ஆட்டம் உண்டு, முடிவில் ஒரு முள் உண்டு. தேர்தல் அறிக்கை படித்துப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இதை வீட்டில் உட்கார்ந்து செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். பெரிய பரம்பரை அது. சுமார் 2,000 வருஷ வரலாறு, அதில் ராணிகள், தளபதிகள், கலெக்டர்கள், கன்னியாஸ்திரீகள். ஒரே ஒரு சின்னக் குறைதான். அவர்களில் பாதிப் பேர் மீன் பிடித்ததில்லை. மீதிப் பேர் பிடித்ததாகச் சொன்னதை நம்புவதற்கில்லை.

முதல் மேதை கிளாடியஸ் ஏலியன். கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ரோமாபுரி எழுத்தாளர். விலங்குகளின் இயல்பைப் பற்றி 17 பாகம் எழுதியவர். மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றில் புள்ளி போட்ட மீனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று அதில் விவரிக்கிறார். தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்று, சேவலின் தாடிக்கடியில் முளைக்கும் இறகு இரண்டை வைத்துக் கட்டு, ஆறடிக் கோல், ஆறடி நூல். ஆற்றின் மேல் பறக்கும் ஒரு பூச்சி என்று நினைத்து மீன் வாயைத் திறக்கும். பொய்ப் பூச்சி கட்டுகிற கலையைப் பற்றி விரிவாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு இதுதான். படித்தால் மனிதர் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது மாதிரியே இருக்கும்.

எங்கே நின்றார்? ஃபிலாஸ்ட்ரேடஸ் என்ற சக எழுத்தாளர் போட்டுக் கொடுத்துவிட்டார். ஏலியன் இத்தாலியைத் தாண்டிக் காலெடுத்து வைத்ததே இல்லையாம். கப்பல் ஏறியதில்லை, கடலோடு பழக்கமே இல்லை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். சாப்பிடாத ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பதை நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்றா நினைத்துக்கொண்டிருந்தோம்?

ஏலியனாவது கேள்விப்பட்டதை எழுதினார். அவருக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் மூத்தவரான மார்க் ஆண்டனி கேமராவே இல்லாத காலத்தில் போட்டோஷாப் செய்தவர். எகிப்தில் கிளியோபாட்ராவுடன் ஜாலியாக மீன் பிடிக்கப் போகிறார். மணிக்கணக்கில் ஒன்றும் படவில்லை. பக்கத்தில் அழகி, கையில் வெறும் தூண்டில். தளபதிக்கு மானம் போகிறது.

உடனே ரகசிய உத்தரவு. மறுபடி தூண்டில் போட்டபோது ஆட்கள் தண்ணீருக்கடியில் நீந்திப் போய், ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த மீன்களைத் தூண்டிலில் மாட்டிவிட்டார்கள். ஆண்டனி இழுக்க இழுக்க மீன்! கிளியோபாட்ரா 'அடேயப்பா' என்று வாய் பிளந்து பாராட்டினார். ராணி அல்லவா, எப்போது நம்புவது, எப்போது நம்புகிற மாதிரி நடிப்பது என்பது தெரிந்தவர்.

மறுநாள் ஊரையே வேடிக்கை பார்க்கக் கூட்டி வந்தார். ஆண்டனி தூண்டிலைப் போட்டதும் இந்த முறை ராணியின் ஆள் முந்திக்கொண்டான். கனமாக இருக்கிறதே என்று தளபதி உற்சாகமாக இழுத்தார். மேலே வந்தது உப்புக் கண்டம் போட்ட மீன். கருங்கடல் பக்கத்திலிருந்து இறக்குமதியான அசல் கருவாடு! தண்ணீரிலிருந்து கருவாடு பிடித்த ஒரே தளபதி என்ற பெருமை இன்றைக்கும் அவருக்குத்தான்.

தூண்டிலையெல்லாம் எங்களிடம் விட்டுவிடுங்கள், உங்கள் வேட்டைக்கு நகரங்களும் ராஜ்ஜியங்களும் இருக்கின்றன என்கிற பொருள்பட ராணி சமாதானம் சொன்னாராம். இதை எழுதிய புளூடார்க் நூறு வருஷத்துக்குப் பிறகு வந்தவர். ஆகவே கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி ராஜ்ஜியத்தையும் கோட்டை விட்டது மசாலா இல்லை. அவருக்குத் தண்ணீர் ராசியே கிடையாது.

அடுத்தவர் டேம் ஜூலியானா பெர்னர்ஸ். இங்கிலாந்துக் கன்னியாஸ்திரீ மடத்தின் தலைவி. 1496இல் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி அச்சான ஆங்கில நூல் இவர் பெயரில்தான் வழங்கி வருகிறது. 12 விதப் பொய்ப் பூச்சிகளைக் கட்டுவதற்கு அதில் குறிப்பு இருக்கிறது. எந்த மாதம் எந்தப் பூச்சி, என்ன நிற நூல், எந்தப் பறவை இறகு என்று சமையல் குறிப்பு கணக்காக விவரம். தூண்டில் உலகம் இன்றும் இந்த அம்மாளைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

ஒரு சின்னச் சிக்கல். அப்படி ஒரு அம்மாள் இருந்தாரா என்பதே சந்தேகமாம்! அந்த மடத்துத் தலைவிகளின் பட்டியலில் அவர் பெயரைக் காணோம். மீன் பிடித்தாரா என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தால், ஆராய்ச்சியாளர்கள் முதலில் பிறந்தாரா என்று கேட்கிறார்கள்.

ஐசக் வால்டன் நிச்சயமாகப் பிறந்தார். 1593இல். லண்டனில் துணி வியாபாரம். 1653இல் அவர் எழுதிய 'தி கம்ப்ளீட் ஆங்லர்' இன்றுவரை அச்சில் இருக்கிறது. முழுமையான தூண்டில்காரன் என்று தலைப்பு வைத்தாரே தவிர, பொய்ப் பூச்சி விஷயத்தில் மனிதர் முழுமைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தாமஸ் பார்க்கர் என்ற சமையல்காரர் எழுதிய புத்தகத்தில் கை வைத்தார். கன்னியாஸ்திரீ அம்மாளின் 12 பூச்சிகளையும் எடுத்து உள்ளே போட்டுக்கொண்டார். இரண்டு பேர் நடந்துகொண்டே பேசுகிற அமைப்பாவது சொந்தம் என்று 300 வருஷம் நம்பினார்கள். 1577இல் அதே மாதிரி வெளிவந்த வேறொரு புத்தகத்தின் ஒற்றைப் பிரதி 20ஆம் நூற்றாண்டில் அகப்பட்டது. நம் ஊர் டைரக்டர்களுக்கும் இதே கஷ்டம் உண்டு. கொரியப் படத்தை என்றைக்காவது யாராவது பார்த்துத் தொலைத்துவிடுகிறார்கள்.

பூச்சிப் பகுதியைச் சரிசெய்ய வால்டன் தன் நண்பர் சார்லஸ் காட்டனைப் பிடித்தார். 1676 பதிப்பில் காட்டன் எழுதிய பகுதிதான் உண்மையில் விஷயமுள்ளது. இந்தக் காட்டன் வாழ்நாள் முழுக்கக் கடனாளி. கடன்காரர்கள் வந்தால் வீட்டுக்குப் பக்கத்துக் குகையில் ஒளிந்துகொள்வார் என்று கதை இருக்கிறது. மீன் எங்கே பதுங்கும் என்று அவருக்கு மட்டும் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன?

அமெரிக்காவுக்கு வாருங்கள். அங்கே மேதைகள் யாரும் யோசித்ததே இல்லை, எல்லாரும் கீழே போட்டார்கள். ஜூலியோ பியூல் என்ற வெர்மான்ட்காரர் படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்பூன் ஏரியில் விழுந்ததாம். பளபளத்துக்கொண்டே மூழ்கிய ஸ்பூனை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். 1852இல் ஸ்பூன் லூருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மிச்சிகனில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஹெடன் குளக்கரையில் சும்மா உட்கார்ந்து ஒரு மரத்துண்டைச் சீவினாராம். அதைத் தண்ணீரில் வீசினாராம். மீன் ஒன்று எகிறி அடித்ததாம். பிறந்தது ஒரு லூர் கம்பெனி. நம் வீட்டிலும் எத்தனையோ ஸ்பூன் தொலைந்திருக்கிறது. அம்மாவிடம் திட்டு வாங்கியதோடு சரி, ஒருவருக்கும் காப்புரிமை வாங்கத் தோன்றவில்லை.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இது பைத்தியமாகவே முற்றிவிட்டது. சால்மன் மீனுக்கான பொய்ப் பூச்சியை நகை மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். ஜார்ஜ் கெல்சன் 1895இல் இதற்கென்றே ஒரு தடிமனான புத்தகம் போட்டார். ஒரு விரல் நீளப் பூச்சிக்கு நாலு கண்டத்துப் பறவைகள் இறகு தானம் செய்ய வேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்குப் பெரிய கிராக்கி. அதில் மெழுகில் பொட்டு வைத்த மாதிரி மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பூச்சிக்குக் கண் வைக்க அதை விட்டால் வேறில்லை என்று சீமையில் சாதித்தார்கள்.

இவ்வளவும் எதற்கு? முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் சாப்பிடுவதையே நிறுத்திவிடும். விரதம் இருக்கிற மீனுக்கு நாலு கண்டத்துச் சீர்வரிசை!

அந்தப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2009இல் லண்டன் ராயல் இசை அகாடமியில் புல்லாங்குழல் படித்த மாணவர் ஒருவர் டிரிங் என்ற ஊரிலிருக்கும் அருங்காட்சியகத்தின் கண்ணாடியை உடைத்து உள்ளே போய், 299 பறவைத் தோல்களை சூட்கேசில் அடைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். அவற்றில் சில ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் அலைந்து திரட்டியவை. பரிணாமக் கொள்கையை டார்வினுக்கு இணையாகக் கண்டுபிடித்தவரின் சேகரிப்பு, பொய்ப் பூச்சி கட்டுபவர்களுக்கு இறகு இறகாக விற்பனையானது. அந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை தண்ணீரையே பார்க்காது, கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கும். மாட்டியது மீன் இல்லை, மாணவர்தான்.

இந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று கும்பிடுவது மேகன் பாய்ட் அம்மாளை. ஸ்காட்லாந்தில் பிரோரா என்ற கடலோர ஊர்ப் பக்கம் சின்ன வீடு. காலம் பூராவும் அங்கே உட்கார்ந்து பூச்சி கட்டினார். அன்றைக்கு இளவரசராக இருந்த சார்லஸ்கூட வாடிக்கையாளர். 1971இல் அரசாங்கம் பதக்கம் அறிவித்து, ராணியிடம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னது. நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இவர் போகவில்லை. இத்தனை பேர் பெட்டியில் மீன் சேர இழை இழையாகப் பூச்சி கட்டிய இந்த அம்மாள் வாழ்நாளில் தூண்டில் போட்டதில்லை. மீனைக் கொல்ல மனசு வரவில்லையாம். ஏலியனும் மீன் பிடிக்கவில்லை, இவரும் பிடிக்கவில்லை. ஆனால் இவர் அதை ஒளிக்கவில்லை.

சரி, சீமைக் கதை போதும். நம் பக்கம் யாருமே இல்லையா என்றால், கலெக்டரே இருந்தார்!

ஹென்றி சல்லிவன் தாமஸ். மெட்ராஸ் சிவில் சர்வீஸ். தென் கன்னடக் கலெக்டர். 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்று தூண்டில் புத்தகம் எழுதி மங்களூரில் அச்சிட்டார். நம் ஊர் மஹ்சீர் மீனின் முன்னால் சீமை சால்மன் தூசு என்று அடித்துச் சொன்னார். அதற்குப் பிறகும் கை அரிப்பு நிற்கவில்லை. 1887இல் குளங்களில் தூண்டில் போடுவது எப்படி என்று இன்னொரு புத்தகம். ஒரு கலெக்டர் இரண்டு தூண்டில் புத்தகம் எழுதுகிற அளவுக்குத் தண்ணீரில் நின்றிருக்கிறார் என்றால், கச்சேரியில் ஃபைல் எத்தனை நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

துரைகள் தூண்டிலும் ஸ்பூனும் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் சோழமண்டலக் கடற்கரையில் ஒரு லூர் இருந்தது. விலை, பூஜ்யம். முள்கூட கிடையாது. கோடைக் காலத்தில் நாகப்பட்டினம் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போவார்கள். இலை தழையைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் மிதக்க விடுவார்கள். பறவைக் கோலா கூட்டம் கூட்டமாக வரும். அதன் முட்டையில் நூல் நூலாக இழை இருக்கும், ஒட்டிக்கொள்ள மிதக்கிற செடி ஏதாவது வேண்டும். நடுக்கடலில் யாரோ பிரசவ வார்டு கட்டி வைத்திருக்கிறார்களே என்று அது பரவசமாக வந்து முட்டையிடும். இவர்கள் கைவலையால் அள்ளிப் படகில் போடுவார்கள்.

சென்னை ராஜதானியின் மீன்துறை இயக்குநர் ஜேம்ஸ் ஹார்னல் இதை ஆராய்ந்து 1923இல் கட்டுரை எழுதினார். நல்ல மனிதர், நம் கட்டுமரத்தையும் வலையையும் மதித்துப் பக்கம் பக்கமாக எழுதியவர். கட்டுரைக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறது. தழையைக் கட்டலாம் என்று முதலில் யோசித்த ஆளின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அவர் ஸ்பூனைத் தவறவிட்டதாகவும் யாரும் கதை கட்டவில்லை.

இப்போதைய தூண்டில் சங்கத்தார் 'கேட்ச் அண்ட் ரிலீஸ்' என்று பெருமையடிப்பார்கள். பிடித்த மீனோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவது. ஏதோ அமெரிக்க நாகரிகம் என்று நினைப்பு. நாகப்பட்டினத்து நுளைப்பாடி அதிபத்த நாயனாரைக் கேட்டால் தெரியும். தினமும் படுகிற முதல் மீன் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். நாளைக்கு ஒரே ஒரு மீன் என்று கஷ்ட காலம் வந்தபோதும் அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்னும் மணியும் பதித்த மீன் ஒன்று வலையில் வந்தது. அதையும் விட்டார். பெரிய புராணத்தில் இடம் பிடித்தார். செல்ஃபி எடுத்தாரா? இல்லை. அதனால்தான் நாயனார்.

நம் பூவம் இருக்கிற காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதே ஒரு லூர் கதைதான். தஞ்சை மராட்டிய இளவரசர் சகுஜிக்கு அரியணைச் சண்டையில் உதவி தேவைப்பட்டது. காரைக்காலைத் தருகிறேன் என்று பாண்டிச்சேரி கவர்னர் டூமாவுக்குத் தூண்டில் போட்டார். டூமா கவ்வினார். அரியணை கைக்கு வந்ததும் சகுஜி இரையைச் சுருட்டிக்கொண்டார். கடைசியில் சந்தா சாகிப் படையோடு வந்து பிடித்துக் கொடுத்து, 1739இல் காரைக்கால் பிரெஞ்சு ஊர் ஆனது. இந்தியாவோடு அது சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16.

அதற்கு மறுநாள் தேதியிட்டு அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகை வெளிவந்தது. பூவத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, அது போகட்டும். அட்டையில் அந்த மாதம்தான் இறந்துபோயிருந்த மர்லின் மன்றோ. உள்ளே பின்லாந்தின் லாரி ரப்பாலா செய்த லூரைப் பற்றி ஒரு கட்டுரை.

இந்த ரப்பாலா ஏழை மீனவர். பெரிய மீன் தன் இரையை எப்படிப் பொறுக்குகிறது என்று ஏரியில் உட்கார்ந்து கவனித்தார். நூறு குஞ்சு மீன் நேராகப் போனாலும், கோணலாகத் தடுமாறும் ஒன்றைத்தான் அது அடிக்கிறது. 1936இல் தக்கையைச் சீவி மீன் வடிவம் செய்தார். பளபளப்புக்கு சாக்லேட் சுற்றி வந்த ஈயத்தாள். மேல்பூச்சுக்கு வார்னிஷ் வாங்கக் காசில்லை, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். இந்தப் பட்டியலில் தண்ணீரைப் பார்த்து யோசித்த ஆள் ஒருவழியாக வந்துவிட்டார்!

அவருக்கு உலகப் புகழ் எப்படி வந்தது? மன்றோவுக்காக அந்த இதழை முண்டியடித்து வாங்கினார்கள். புரட்டியபோது லூர் கண்ணில் பட்டது. பின்லாந்துக்கு ஆர்டர் குவிந்தது. ரப்பாலாவின் லூர் மீன்களைப் பிடித்தது, மன்றோவின் படம் ரப்பாலாவுக்கு வாடிக்கையாளர்களைப் பிடித்தது.

ரப்பாலாவைப் பார்த்து நம் ஆட்களும் வீட்டில் லூர் செய்ய இறங்குகிறார்கள். அந்த வைபவத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். உடம்புக்கு நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பெரிய கோயிலையே நெட்டியில் நிறுத்துகிற பூமியில் ஒரு மத்தி மீனைச் செதுக்க முடியாதா? முடியும். முதலில் வருவது மத்தி மாதிரி இருக்காது, வெண்டைக்காய் மாதிரி இருக்கும். பரவாயில்லை, வெண்டைக்காய்க்கும் வால் உண்டு.

உடம்பை நீளவாக்கில் கீறி ஒரு கம்பியை வாயிலிருந்து வால்வரை விட வேண்டும். இல்லாவிட்டால் கொடுவா கடித்த கடியில் முள் அதனோடும் கட்டை உங்களோடும் போகும். வயிற்றில் ஈயக் குண்டு. தாடைக்குக் கீழே பழைய சிடியை வெட்டி ஒரு நாக்கு. இந்த நாக்குதான் உயிர். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி உடம்பை இடமும் வலமும் ஆட்டும். அந்த அதிர்வை மீன் தன் விலாவில் ஓடும் உணர்ச்சிக் கோட்டால் உணரும். கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பாத மீன்கூட இதை நம்பும். அப்புறம் அரல்டைட் பூச்சு, நெயில் பாலிஷ் வண்ணம், ஸ்டிக்கர் பொட்டில் கண். வீட்டில் நெயில் பாலிஷ் காணாமல் போனது அன்று மாலையே கண்டுபிடிக்கப்படும். ஸ்டிக்கர் பொட்டு விவகாரம் வெள்ளிக்கிழமை வெடிக்கும்.

வாளியில் விட்டுச் சோதித்தால் மல்லாந்து மிதக்கும். ஈயத்தைக் கூட்டினால் கல் மாதிரி உள்ளே போகும். குறைத்தால் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். செத்த மீனைப் போலச் செய்வது ரொம்ப சுலபம், அடிபட்ட மீனைப் போலச் செய்வதில்தான் கலை இருக்கிறது.

வண்ணத்தில் ஒரு வேடிக்கை. எல்லாரும் ஆசை ஆசையாகச் சிவப்பு அடிப்பார்கள். தண்ணீருக்குள் முதலில் காணாமல் போகிற நிறமே சிவப்புதான், சில மீட்டர் ஆழத்தில் அது கறுப்பாகிவிடும். அப்படியென்றால் அந்த மூன்று கோட் நெயில் பாலிஷ் யாருக்கு? மேஜையில் வரிசையாக அடுக்கி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுகிறவருக்கு. தூண்டில் கடைகளில் தொங்கும் லூர்களும் அப்படித்தான். எந்த மீனும் காசு எடுத்துக்கொண்டு கடைக்கு வருவதில்லை.

நண்டலாற்றின் கரையில் இப்படி ஒரு சித்திரத்தைக் கட்டிக்கொண்டு யாராவது நின்றால், பக்கத்தில் மட்டைக் கோலும் உயிர் இறாலுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் சும்மா இருப்பாரா?

"என்ன தம்பி அது, பொம்மையா?"

"லூருங்க தாத்தா. நானே செஞ்சது."

"இதுல மீன் படுமா?"

"படும்னு சொல்றாங்க."

"யாரு, மீனா?"

ஆனால் என்றாவது ஒருநாள் படும். ஒரு பாறை மீனோ, ஒரு சீலாவோ அந்த வெண்டைக்காயை உண்மை என்று நம்பி அடிக்கும். ஜாக்கிரதை, ஆபத்து அப்போதுதான் ஆரம்பம். சூதில் ஜெயிப்பதை, இரை என்று தூண்டில் இரும்பை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். லூர் செய்பவருக்கும் அதே கதைதான். முதல் மீன் பட்ட மறுநாள் ஸ்ப்ரே கன், டிரெமல், இறக்குமதி எபாக்ஸி என்று ஆர்டர் பறக்கும். 300 ரூபாய் லூரை மிச்சம் பிடிக்க ஆரம்பித்த பொழுதுபோக்கு, மீன் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்தாலே தேவலாம் என்கிற இடத்தில் வந்து நிற்கும்.

என் தீர்ப்பு இதுதான். ஏலியன் முதல் பியூல் வரை எல்லா மேதைகளும் மீனை ஏமாற்றக் கிளம்பி மனிதர்களை ஏமாற்றினார்கள். தழை கட்டிய நம் ஆள் மட்டும் மீனோடு நிறுத்திக்கொண்டார். நீங்கள் செய்வதானால் தாராளமாகச் செய்யுங்கள், மூடி பூவத்தில் கிடைக்கிறது. பிடித்த மீனின் அளவைச் சொல்லும்போது மட்டும் கையைக் கொஞ்சம் சுருக்கிக் காட்டுங்கள். அறுந்த தங்கூசியையும் முள்ளையும் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள், அடுத்து அங்கே வெறுங்காலோடு நடப்பவர் பக்கத்து மண்டபத்தூரிலோ காளிக்குப்பத்திலோ மீன்பிடித் தொழில் பார்ப்பவராக இருப்பார்.

இன்னொரு விஷயம். மீன்வளம் பெருக வேண்டும் என்று கிழக்குக் கடற்கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காரைக்காலுக்கும் உண்டு. தடை விசைப்படகுகளுக்குத்தான். வீட்டில் லூர் செய்துகொண்டு வந்து கரையில் நிற்பவரை அரசாங்கம் தடுக்கவில்லை. அவரால் மீன் இனத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.